பூஜ்யம் புள்ளி ஏழு

கல் என்று அர்த்தமாம் அதன் பெயருக்கு.
மண்ணெண்ணெயில் போட்டால் மிதக்கிறது.
சோடியம் ஒழுங்காக அடியில் படுத்துக்கொள்ளும்;
இது மட்டும் மேலே வந்து
மூக்கை நீட்டிக் கறுத்துப்போகும்.
அதனால் வாஸ்லினில் புதைத்து
மூடியை இரண்டு முறை திருகி
பீரோவின் மேல்தட்டில் வைத்திருக்கிறேன்.
இருபத்திரண்டு வருஷமாக லேப் அசிஸ்டன்ட்.
பிள்ளைகளுக்குச் சலேத் மிஸ்.

கத்தியால் நறுக்கலாம், அவ்வளவு மெத்து.
தண்ணீரில் இட்டால் சோடியம் போலத் துள்ளாது.
கோயிலின் கடைசி பெஞ்சில் ஜெபம் சொல்கிறவளைப் போல
முணுமுணுத்துக்கொண்டே கரையும்.

ஒரு வைகாசியில்
பதினோரு ராத்திரி நான் தூங்கவில்லை.
சீசன் கூட்டம் இறங்கிப்போன பிறகும்
ஏரியை நாலு சுற்று, ஐந்து சுற்று.
திபெத்தியர் கடையில் கடன் சொல்லிப் பதினேழு ஸ்வெட்டர்.
தூண்பாறையில் நின்றுகொண்டு
ஏறி வருகிற மூடுபனியிடம் டிக்கெட் கேட்டேன்.
அவ்வளவு சந்தோஷம்.
யாருக்கும் பிடிக்கவில்லை.

ஆடியில் கட்டில்.
சுவர்ப்பக்கம் திரும்பிய முகம்.
ஐப்பசி வரைக்கும்
எனக்குப் பல் துலக்கிவிட்டது தேவநேசன்.

திண்டுக்கல் டாக்டர் சீட்டில் எழுதிய பெயரைப் பார்த்து
மாதக்கணக்கில் முதல் தடவையாகச் சிரித்தேன்.
"தெரியுமா உங்களுக்கு?"
"எங்க பீரோல இருக்கு சார். மேல்தட்டு."

அம்மாதான் அழுதாள்.
அப்பா தெர்மாமீட்டர் கம்பெனியில் ஷிஃப்ட் பார்த்தவர்;
உலோகம் என்றால் எங்கள் வீட்டில் குரல் தாழும்.
அது கனம்மா, இது லேசு,
இருக்கிற உலோகத்திலேயே லேசு என்றேன்.
அவள் என் மணிக்கட்டைப் பிடித்தவள்
பஸ் வரும்வரை விடவில்லை.

உப்பைக் கூட்டாதே, குறைக்காதே.
தலைவலிக்குக் கண்ட மாத்திரை போடாதே.
இரண்டு பீரியடுக்கு நடுவே மூன்று செம்புத் தண்ணீர்.
வாயில் எப்போதும் பழைய சாவியின் ருசி.

மூன்று மாதத்துக்கு ஒரு முறை
ராத்திரி மாத்திரைக்குப் பன்னிரண்டு மணி நேரம் கழித்து
மூஞ்சிக்கல் லேபில் ரத்தம் கொடுப்பேன்.
ஐஸ் டப்பாவில் அது தனியே மலை இறங்கும்,
ஒவ்வொரு கொண்டை ஊசியிலும் குலுங்கி,
வத்தலக்குண்டு தாண்டி மதுரைக்கு.
மறுநாள் சாயங்காலம் போன் வரும்:
பூஜ்யம் புள்ளி ஏழு, மேடம்.
ஒன்றரைக்கு மேலே விஷம்.
புள்ளி நாலுக்குக் கீழே ஸ்வெட்டர்.
நடுவில் ஒரு சந்து,
அதில்தான் குடியிருக்கிறோம்.

மழையில் கரண்ட் போன ராத்திரிகளில்
தேவநேசனின் போன் வெளிச்சத்தில் மாத்திரை எண்ணுவேன்.
அந்த பேட்டரிக்குள்ளும் இதுதான் என்றால்
"அப்ப அதுக்கும் கிறுக்கா?" என்பான்.
அது ஏறும், இறங்கும், மறுபடி ஏறும்.
எனக்கு அது போதும் போதும் என்று ஆகிவிட்டது.

நேற்று பிராக்டிகல் முடிந்து எல்லோரும் போன பிறகு
கைதவறி விழுந்த ஒரு மாத்திரையின் ஓரத்தைச் சுரண்டினேன்.
வாட்ச் கிளாஸில் ஒரு சொட்டு அமிலம்.
நுரைத்தது.
கம்பியை நனைத்து பர்னரில் காட்டினேன்.

சிவப்பு.
பூம்பாறை போகிற வழியில் காட்டுப்பூவரசு பூக்குமே,
அது.

கம்பி நடுங்கியது.
மாத்திரை கொடுத்த நடுக்கம்தான்;
பியூரெட்டை நான் நிரப்பும்போதெல்லாம்
பிள்ளைகள் எனக்காக ஜன்னலைப் பார்ப்பார்கள்.
நடுங்க நடுங்க எரிந்தது,
மூன்று விநாடி, நாலு.
இத்தனை வருஷம் எனக்குள்
இருட்டிலேயே இருந்திருக்கிறது இந்த நிறம்.

"ஸ்ட்ரான்ஷியமா மிஸ்?"
மறந்த டிபன் பாக்ஸை எடுக்க வந்த வேலுநாச்சி,
ஸ்வெட்டரில் பூம்பாறைப் பூண்டு வாசம்.

ஆமாம் என்றேன்.

நின்றபடியே நோட்டில் எழுதிக்கொண்டாள்,
அடிக்கோடும் போட்டாள்.
நாளைக்கு அதை
அடித்து எழுதச் சொல்ல வேண்டும்.